தொப்பிக்குள் ஐந்து வாய்

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பொடியன் எழுதுவது. முழங்கால் இரண்டையும் தவிர மற்றதெல்லாம் நலம். உன் இடுப்பெலும்பு எவ்வளவு தூரம் கூடியிருக்கிறது என்று மறைக்காமல் எழுது. போனில் கூப்பிட்டால் நீ "என்னது? என்னது?" என்பதும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி நான் கத்துவதும்தான் மிச்சம். காது கேட்காத உனக்கும் பொறுமை இல்லாத எனக்கும் கடிதமே சரி.

வெயில் வந்துவிட்டது. நீ சொன்னபடியே பின்பக்கப் புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறேன். அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் போட்டாயிற்று. வேலிக்கு அடியில் முள்ளெலி நுழைய ஓட்டையும் வைத்தேன். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், தோட்டத்தை அப்படியே விட்டுட்டீங்க? வீட்டைக் காலி பண்றீங்களா?" என்றார். "இல்லீங்க, புதுசா குடித்தனம் வருது" என்றேன்.

உன் கேமராவையும் எடுத்தேன். காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த கை இது, கேமராவுக்குப் பிடிபடவில்லை. அணிலின் வால் மட்டும் ஒரு படம், தவளை குதித்த பிறகு வெறும் தண்ணீர் ஒரு படம், என் கட்டைவிரல் நாலு படம். இதோடு அனுப்புகிறேன், சிரிக்காதே.

பெரிய செய்தி இனிமேல்தான். மாடியில் உன் அறை ஜன்னலைக் காற்றுக்காகத் திறந்து வைக்கச் சொன்னாய் அல்லவா? அலமாரி மேலே மல்லாந்து கிடந்த உன் கம்பளித் தொப்பிக்குள் ஒரு குருவி கூடு கட்டுகிறது! உடம்பெல்லாம் பழுப்பு, மார்பு மட்டும் செங்கல் நிறம். நான் வாசலில் நின்றால் 'இது யார் வீடு தெரியுமா' என்பது போல் பார்க்கிறது.

உன் பொடியன்


மார்ச் 15

என் அருமைப் பொடியா,

உன் கட்டைவிரல் நன்றாக வந்திருக்கிறது. நகத்தை வெட்டு.

குருவிச் செய்தியை இந்தப் பராமரிப்பு இல்லத்தில் எல்லோரிடமும் சொன்னேன். என் அறைக்கு எனக்கு முன்னால் ஆள் குடிவந்துவிட்டது என்று ஒரே சிரிப்பு. கேள், சொல்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு எடு. அதன் கண் உயரத்துக்கு நீ போ, கண் துலக்கமாக விழுந்தால் மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஜன்னலில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கட்டும், குருவி போய்வர அது போதும். அடுத்த வீட்டுப் பூனை துரை சும்மா இருக்கமாட்டான்.

டாக்டர் நேற்று என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். பனிக்காலம் முழுக்க இந்தக் கூரையையே பார்த்துப் படுத்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். ஆனால் நான் உடனே வரப்போவதில்லை. நான் அங்கே வந்து இருமிக்கொண்டு படுத்தால் அது கூட்டை விட்டுவிட்டு ஓடிவிடும். குஞ்சுகள் பறந்த மறுநாள் கிளம்புகிறேன்.

என் கட்டிலுக்கு இங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள். "நிரந்தரமா இங்கயே இருந்துடறீங்களா, இல்ல கிளம்பறீங்களா? ஏப்ரலுக்குள்ள சொல்லுங்க" என்று மேலாளர் கேட்டார். எனக்கு வீடு இருக்கிறது, என் தம்பி இருக்கிறான் என்றேன்.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

பொரித்துவிட்டது! ஐந்து! தொப்பிக்குள் ஐந்து வாய், வேறொன்றும் தெரியவில்லை. உடம்பு என்று பார்த்தால் பஞ்சு ஒட்டிய சுண்டுவிரல்தான்.

ஸ்டூல் மேல் ஏறி, நீ சொன்ன மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு, இன்று ஒரே நாளில் நாற்பது படம் எடுத்துத் தள்ளிவிட்டேன். வெளிச்சம் போதாமல் கொஞ்சம் சிரமப்பட்டேன், பிறகு சரியாகிவிட்டது. நல்லதாக இரண்டு அனுப்புகிறேன். நடுவில் இருப்பவனைப் பார், தாய் வாயோடு சேர்த்து விழுங்கப் பார்க்கிறான்.

தோட்டத்தில் முள்ளெலியும் வந்துவிட்டது. வீட்டில் எனக்குக் கொஞ்சம் மராமத்து வேலை இருக்கிறது. என்ன என்று கேட்காதே.

உன் பொடியன்


ஏப்ரல் 8

என் பொடியா,

நீ படம் எடுக்கக் கற்றுக்கொண்டாய். கண்ணில் நீர் வந்துவிட்டது, வயதாகிவிட்டது எனக்கு.

இரண்டையும் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். நடுவில் இருப்பவனுக்குத் தீனிப்பண்டாரம் என்று பெயர் வைத்தாயிற்று. காலையில் நடைப்பயிற்சிக்கு எழுப்பும் பெண், "நீங்க இந்தக் கோடி வரைக்கும் நடந்தாத்தான் அதுங்க பறக்கும்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாள். நானும் நடக்கிறேன். உண்மையில் அவற்றுக்காகத்தான் நடக்கிறேன் பொடியா, காலுக்காக இல்லை. இன்னும் படம் அனுப்பு.

உன் அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

எல்லாம் நலம். குஞ்சுகள் நன்றாக வளர்கின்றன. தீனிப்பண்டாரம் அப்படியேதான் இருக்கிறான். மூன்று படம் வைத்திருக்கிறேன்.

நீ அவசரப்பட வேண்டாம். இன்னும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும் போலிருக்கிறது. பறந்தவுடன் எழுதுகிறேன், அதன் பிறகு கிளம்பினால் போதும்.

மழை வரும் போலிருக்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

உன் பொடியன்


ஏப்ரல் 20

பொடியா,

ஸ்டூடியோவில் முப்பது வருடம் டச்சப் வேலை பார்த்தவள் நான். மற்றவர் முகத்தில் மருவையும் சுருக்கத்தையும் தேடித் தேடி அழித்த கண் இது. அதை மறந்துவிட்டாயா?

முதலில் வந்த இரண்டிலும் இப்போது வந்த மூன்றிலும் திரைச்சீலை ஒரே இடத்தில் ஒரே மாதிரி மடிந்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் அதே நீர்த்துளி. நிழல் விழும் பக்கமும் மாறவில்லை. திரைச்சீலை கிடக்கட்டும், இத்தனை நாளில் குஞ்சுக்கு இறக்கை முளைத்திருக்க வேண்டாமா? அதே பஞ்சு, அதே சுண்டுவிரல். ஐந்தும் ஒரு நாளில் எடுத்த படங்கள்.

இரண்டு ராத்திரி யோசித்தேன். குஞ்சுகள் எப்போதோ பறந்திருக்க வேண்டும், என்னை நிறுத்தி வைக்கத்தான் அவை இன்னும் இருப்பதாக எழுதுகிறாய் என்று தோன்றியது. கோபம் இல்லை. உன் முழங்காலை வைத்துக்கொண்டு என்னை எப்படி மாடிக்கு ஏற்றுவாய், இறக்குவாய்? வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல உனக்கு எப்போதுமே வந்ததில்லை. நான் வாங்கித் தந்த அந்தப் பச்சைச் சட்டையைப் பிடிக்காமலே மூன்று வருடம் போட்டுக்கொண்டு திரிந்தவன்தானே நீ.

நிரந்தரமாக இங்கேயே இருப்பதாக நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே வெந்நீர் வருகிறது, படி ஏற வேண்டாம். என் அறையை நீ எடுத்துக்கொள். வருத்தம்தான், அதை மட்டும் மறைக்கமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா, என் அக்கா,

ஐயோ, என்ன காரியம் செய்தாய்? இல்லை, என்ன காரியம் செய்தேன் நான்!

ஏப்ரல் இரண்டாம் தேதி படத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று எழுதினேன் இல்லையா? ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்தேன். நீ வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்ன கதவு. படம் எடுத்த சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் கீழே இறங்கிப் போனவன் அதைச் சாத்த மறந்துவிட்டேன். அன்று மாலையே உனக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், துரை அலமாரி மேல் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தான். ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாய்க்குருவி ஜன்னலுக்கும் வேலிக்குமாக இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

உண்மையை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் 'அவற்றுக்காகத்தான் நடக்கிறேன்' என்று உன் கடிதம் வந்தது. எழுதக் கை வரவில்லை அக்கா. பறக்கிற காலம் வரும்வரை ஒப்பேற்றிவிட்டு, பறந்துவிட்டன என்று எழுதிவிடலாம், நீயும் சந்தோஷமாக வந்து சேர்வாய் என்று நினைத்தேன். குஞ்சு எவ்வளவு வேகமாக வளரும் என்றுகூடத் தெரியாத முட்டாள் நான்.

உன்னை வேண்டாம் என்பேனா? மராமத்து என்று எழுதினேனே, அது என்ன தெரியுமா? படிக்கட்டின் ஓரமாகத் தண்டவாளம் போட்டு, மோட்டார் வைத்து, ஒரு நாற்காலி பூட்டியிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் உன்னை மாடியில் கொண்டுபோய் விடும். பழைய நண்பர்கள் இருவர் வந்து கை கொடுத்தார்கள். உன்னை வியக்க வைக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூட வேண்டியதையும் மூட வேண்டாததையும் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறேன்.

அந்தக் காகிதத்தைக் கிழிக்கச் சொல். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, இங்கே வந்து திட்டு.

பொடியன்


மே 2

என் பொடியா,

கடிதம் படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காகிதத்தைக் கிழிக்க மேலாளர் ஒத்துக்கொண்டார். நான்தான் கிளம்ப முடியாமல் போய்விட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகு நடக்கப் பிடிக்காமல் படுத்தே கிடந்தேன். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒன்றரை நாள் ரயில் பயணம் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இந்த மாதத்துக்கு மட்டும் என்று சொல்லவில்லை, எப்போதுமே ஆகாதாம்.

இது நான் நடக்காமல் கிடந்த அந்த நாட்களால் வந்தது என்று நினைத்து நீ உருகக்கூடாது. எப்படியும் வந்திருக்கும். இதுவும் ஒரு டச்சப் வேலைதான் என்று உனக்குத் தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும்.

ஸ்டூடியோவில் எனக்கு ஒரு வேலை உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. இறந்துபோன குழந்தையின் படத்தைப் பெற்றோர் கொண்டுவருவார்கள். மூடிய இமை மேல் நான் கண் வரைவேன், கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பேன். முழித்துக்கொண்டிருப்பது போல் ஆகிவிடும். அவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் கையில் வாங்கி அழுவார்கள். நீ கடைசியாக அனுப்பிய மூன்று படங்களையும் மற்ற இரண்டோடு ஒட்டியிருந்தேன், இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

ஆனால் எனக்கு இன்னொரு படம் வேண்டும். எதையும் மாற்றாமல், இன்றைக்கு அந்த அறை எப்படி இருக்கிறதோ அப்படி.

அக்கா


மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்ட படம் இதோடு இருக்கிறது. ஒரு பொருளையும் நகர்த்தவில்லை. உன் கட்டில், அலமாரி, அதன் மேலே காலியான தொப்பி. பக்கத்துச் சுவரில் இன்றைய தேதி தெரியும் காலண்டர், அது மட்டும் நான் மாட்டியது. இனிமேல் நான் எடுக்கும் எந்தப் படத்திலும் அது இருக்கும்.

தோட்டத்தில் புல் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது. செங்கல் மார்புக் குருவி ஒன்றைத் தண்ணீர்ச் சட்டியில் பார்த்தேன். அதுதானா என்று தெரியவில்லை. அதே குருவி என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது.

படம் எடுத்து முடித்த பிறகு உன் நாற்காலியில் நானே உட்கார்ந்து கீழே இறங்கி வந்தேன். கடகட சத்தம் வராமல் இருக்க ஒரு வாரம் பாடுபட்டிருக்கிறேன். உனக்குத்தான் காது கேட்காதே என்பது அதில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பாதியில் நிறுத்தி அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன்.

நாளை காலை ரயிலில் வருகிறேன். உன் கம்பளித் தொப்பியையும் கொண்டுவருகிறேன், உள்ளே இருக்கும் புல்லோடும் இறகோடும். "இந்த முழங்காலோட ஏன்டா வந்தே" என்று நீ கேட்பாய், கேள். வராதே என்று எழுத உனக்கு நேரம் கிடைக்கக்கூடாது என்றுதான் இதைத் தபாலில் போடாமல் என் சட்டைப் பையிலேயே எடுத்து வருகிறேன். உன் கண் முன்னால் நின்று கொடுக்கிறேன், நீ படி.

உன் பொடியன்