உதிர்ந்ததும் பறித்ததும்

வேங்கிக்கால்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் சுருதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். மைசூரில் நீ சௌக்கியமாக இல்லை என்று தெரியும், அதனால் அதைக் கேட்கவில்லை.

இது யாரையும் கெஞ்சி எழுதி வாங்கிய கடிதம் இல்லை. நானே எழுதுகிறேன். நேற்றே ஆரம்பித்தேன். ஏழு வயதில் மாடு மேய்க்கப் போனவன் அறுபத்தெட்டில் மகளுக்குச் சொந்தக் கையால் எழுதுகிறேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. எங்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கும் வள்ளி டீச்சரிடம் காட்டித் திருத்தி வாங்கியிருப்பேன். விஷயம் காட்டும்படி இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நாலு நாளாக நீ போனை எடுக்கவில்லை. கடைசியாகப் பேசியபோது அழுதாய். "ஒரு பார்சல் இலைய மூணு தடவ செஞ்சா மூணும் ஒத்துப்போகுதுப்பா. அடுத்த பார்சல எடுத்தா எல்லாம் மாறிடுது. மேடம் என் கை சரியில்லன்றாங்க" என்றாய். பத்தாம் தேதிக்குள் சரிவராவிட்டால் நாவல் இலையை விட்டு வேறு செடி எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு வருஷ வேலை. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் உன் ஆய்வுக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊதா நிற மருந்தில் நம் வீட்டு நாவல் இலைச் சாற்றை விட்டு அரைமணி நேரம் இருட்டில் வைத்தாய். எடுத்துப் பார்த்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகியிருந்தது. இலையின் துவர்ப்பில் இருக்கிற பாலிபீனால் செய்கிற வேலை என்றாய். உடம்பைக் கெடுக்கிறதைத் தடுக்கும் சக்தி எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு வெளுக்கும், மிஷின் அதை அளந்து எண்ணாகச் சொல்லும் என்றாய். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரைத் தூங்கவிடாமல் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது நீ மருந்தைப் புதிதாகக் கலந்து பார்த்துவிட்டாய். மிஷினுக்கு ஆள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாய். சுருதி, மிஷின் மேல் தப்பில்லை. உன் கை மேலும் இல்லை.

பார்சல் போட்ட நாளிலெல்லாம் காலண்டரில் இலை என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுத வந்த பெருமையில் செய்தது. நேற்று அதை வரிசையாகப் பார்த்தேன். மொத்தம் ஐந்து பார்சல். எண் கம்மியாக வந்தது என்று நீ சொன்ன மூன்றாவதும் ஐந்தாவதும் சதுர்த்தசி அன்று போட்டவை.

அஷ்டமியிலும் சதுர்த்தசியிலும் நம் வீட்டில் பச்சை இலை, காய் எதுவும் பறிப்பதில்லை. உன் அம்மா எடுத்த ஜைன விரதம். அவள் போனபிறகு நான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் ஊருக்குள் கூரியர் வண்டி நகராது, முந்தின நாளே போட்டுவிடுங்கள் என்று நீ சொல்லியிருந்தாய். பறிக்கவும் வழியில்லை, அனுப்பாமல் இருக்கவும் மனசில்லை. மரத்தடியில் உதிர்ந்து கிடந்ததில் பச்சையாகத் தெரிந்ததைப் பொறுக்கி, துடைத்து அனுப்பிவிட்டேன். இலை இலைதானே என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆதிமூலம் மதில்மேல் எட்டிப் பார்த்து, "மரம் கொள்ளாத தழை இருக்குது, கீழ கிடக்குறத ஏன் நயினாரே பொறுக்குறீங்க" என்று கேட்டான். அவனுக்கு உறைத்தது எனக்கு உறைக்கவில்லை. உதிர்ந்த இலையில் துவர்ப்பும் குறைந்திருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

அதே மரம்தானே, அதே மாதிரிதானே பறித்தீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாய். ஆமாம் ஆமாம் என்றேன். அதே மரம்தான். பறிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் விரதத்தை விடுங்கப்பா என்பாயோ என்று பயம். அந்தப் பயத்தில் உன்னை மூன்று மாதம் ராப்பகலாகப் பாடுபட வைத்துவிட்டேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இதோடு இரண்டு பை வைத்திருக்கிறேன். இன்று அஷ்டமியும் இல்லை, சதுர்த்தசியும் இல்லை, முதலில் காலண்டரைப் பார்த்தேன். ஒன்று பறித்தது, ஒன்று உதிர்ந்தது. பை மேல் எழுதியிருக்கிறேன். ஒரே மரம், ஒரே காலை. இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார். என்ன எண் வந்தாலும் எனக்கு எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. இனிமேல் இலை அனுப்புகிற நாளை என்னைக் கேட்டு வை. விரதத்தை மட்டும் விடச் சொல்லாதே.

மேடத்திடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. தமிழ் தெரியாதவர் என்றால் ஒரு வரி விடாமல் படித்துச் சொல். இதுவரை எந்தக் காகிதத்திலும் கட்டைவிரல் ரேகைதான் வைத்திருக்கிறேன். தப்பு என் மகளுடையது இல்லை, என்னுடையது என்பதற்கு முதல்முதலாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா. நேரத்துக்குச் சாப்பிடு. போனை எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. சாந்திகுமார்