இறந்தவர்களோடு அவர் பெயர்

19.5.1985, ஞாயிறு

இன்று எங்கள் கல்யாண நாள். என்னை விட்டுவிட்டுப் பெங்களூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தும் என் கணவர் மனம் திரும்ப வேண்டுமென்று, வருடா வருடம் இந்த நாளில் மாதா கோயிலில் அவர் பெயருக்குப் பூசை கொடுக்கிறேன். இன்று மன்றாட்டு வாசிக்கும் உபதேசியார் தவறுதலாக என் கணவர் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்துவிட்டார். அவருடைய ஆன்மா இளைப்பாற வேண்டுமென்று கோயிலே மன்றாடியது.

நான் எழுந்து நின்றேன். "அவரு உசுரோட இருக்காருங்க" என்றேன்.

பூசை முடிந்ததும் உபதேசியார் ஓடி வந்தார். "தப்பாப் போச்சும்மா, மனசுல வெச்சுக்காதீங்க."

சாமியார் என் தலையில் கை வைத்தார். "உட்டுட்டுப் போனவனுக்கும் உண்மையா இருக்கியேம்மா."

போன மாதம் பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர் என்னைப் பெண் கேட்டபோது, "புருசன் உசுரோட இருக்கற வரைக்கும் கோயில்ல வேற கல்யாணம் கெடையாது" என்று சொன்னவரும் இதே சாமியார்தான்.

அவருக்கு ஒன்று தெரியாது. எழுந்து நிற்பதற்கு முன், எல்லோரோடும் சேர்ந்து நானும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லியிருந்தேன். சத்தமாகவே சொன்னேன்.

வாய்ப்பழக்கம் என்று இங்கே எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன்.