எண்ணெய் குடித்த புஷ்

ஜூன் 9, திங்கள்

ரவிக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். பனியன் துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. என் ரவிக்கைக் குறை மெக்கானிக் அந்தோணிராஜ் சொல்லித்தான் தெரிந்தது.

"யக்கா, தையல் வெளிய தெரியுது."

"புது மாடலு கண்ணு. எக்ஸ்போர்ட்டுக்குப் போகுது."

துணியை ஓடவிட்டுப் பார்க்கிற செக்கிங் மெஷின் உருளையிலிருந்து எண்ணெய் சொட்டி வெள்ளைத் துணி கறையாகிறது. அதற்காக அந்தோணி புதுவகை புஷ் வாங்கி வந்தான். புஷ் என்றால் உருளையின் முனை உள்ளே நின்று சுற்றுகிற வளையம். இதற்கு எண்ணெயே விட வேண்டாமாம். அவன் டீக்குப் போன நேரம், முதலாளி ஆத்தப்பன் 'பிசுபிசுன்னு இருக்குதே' என்று அதைக் கறை எடுக்கிற மருந்தில் ஊறப்போட்டுத் துடைத்து வைத்தார். "மூக்குத்தியாட்ட மின்னுதுங்க" என்றேன் நான். சாயந்தரம் மாட்டியாச்சு.

ஜூன் 11, புதன்

மெஷின் கீச்சு கீச்சென்று கத்துகிறது. காது போச்சு.

ஜூன் 13, வெள்ளி

முதலாளி அந்தோணியைக் கூப்பிட்டார். "மட்டமான சாமானத்த வாங்கியாந்துட்டீங்க தம்பி. திங்கக்கெழம வேற மெக்கானிக் வருவாருங்க."

எங்கள் பக்கம் வேலையை விட்டு அனுப்பினாலும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவோம்.

அந்தோணி இப்போதுதான் பொண்டாட்டி பிள்ளையைச் சொந்த ஊர் சாயல்குடியிலிருந்து கூட்டிவந்து இங்கே மண்ணரையில் வீடு பிடித்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. அந்தப் புள்ளகிட்ட என்னன்னு சொல்லுவான்?

"எண்ணெய் விடாட்டி கத்தத்தானே செய்யும்?" என்று அவனிடம் கேட்டேன்.

"எண்ணெய் உள்ளயே இருக்கும்க்கா. வெண்கலப் பொடிய அழுத்திச் சுட்டு, அதுல இருக்குற சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள எண்ணெய ஏத்திருவாங்க. ஓடிச் சூடானா தானாக் கசியும்."

பணியாரம் எண்ணெய் குடிக்கிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த எண்ணெயைத்தானே மருந்தில் போட்டு எடுத்தோம்? முதலாளி எடுத்தார், நான் மெச்சினேன் — சொன்னா என்னையும் அனுப்பிருவாரோ? சொல்லாம சோறு எறங்குமா?

ஜூன் 14, சனி

முதலாளிகிட்ட சொல்லிட்டேன்.

"ஏனுங்க, நாம ரெண்டு பேருஞ் சேந்து பணியாரத்தச் சோப்புப் போட்டுக் கழுவிட்டமுங்க."

"என்ன மயிலாத்தா, காலங்காத்தால?"

நடந்ததை விளக்கினேன். உருளையைக் கையால் ஒருதரம் சுற்றிப் பார்த்தார், கீச்சென்றது. பிறகு அந்தோணியிடம் போய், "டீ குடிச்சீங்களா தம்பி?" என்றார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இன்னொரு செட்டு வாங்கியாங்க. நீங்களே மாட்டுங்க. நான் தொடமாட்டனுங்க."

ஜூன் 17, செவ்வாய்

புது புஷ் போட்டு உருளை ஓடுகிறது. சத்தமே இல்லை. நின்றிருக்கிறது என்று நினைத்து அதன்மேல் சாய்ந்தேன். என் முந்தானை வெள்ளைத் துணியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டது. அந்தோணி ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். பிரித்தெடுத்த துணியை முதலாளி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறை இல்லை என்றார்.