தீர்த்தமும் தண்ணீர்தான்

இவ்வீட்டார் அனைவருக்கும், அதாவது கலைமதி, உனக்கு, இதனால் அறிவிப்பது என்னவென்றால்: இன்று உன் மூளைக்கான ஷாக் சிகிச்சை முடியும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மயக்க ஊசி போட்டதும் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடுமாம்.

எதிர்வீட்டு அமிர்தம் அக்கா கோயிலிலிருந்து தீர்த்தத்தோடு வருவார். போன வாரம், "தீர்த்தத்தைப் போயி யாராச்சும் தண்ணின்னு சொல்லுவாங்களா?" என்று அரை பாட்டிலை உன் வாயில் ஊற்றினார். டாக்டர் நம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்று வாங்கித் தலையில் தெளித்துக்கொள். ரங்கநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார். அக்காவை நான் வந்து சமாளிக்கிறேன்.

மன்னார்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வருகிறேன். கிளம்பத் தயாராக இரு.

அந்த ஆடுகிற கடைவாய்ப் பல்லைப் பற்றி டாக்டரிடம் நீயே சொல்லிவிடு. மறுபடியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதானே மறைக்கிறாய்? ஷாக் கொடுக்கும்போது மயக்கத்திலும் தாடை இறுகுமாம். பல் உடைந்து மூச்சுக்குழாயில் போனால்? நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். பிறகு சாவகாசமாகச் சண்டை போடலாம்.

பி.கு.: "உங்களுக்கு எல்லாமே கிண்டல்தாங்க" என்று ராத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.