சந்தனம் போன பெடல்

மந்தைவெளி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அம்மா தேவானை எழுதிக்கொள்வது. இங்கே முட்டியைத் தவிர மற்றதெல்லாம் நலம், போலந்தில் உன் உடம்பும் சாப்பாடும் எப்படியோ அது நீ வாயைத் திறந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். போன் இருக்கும்போது எதுக்கு லெட்டர் என்று நினைப்பாய், போனில் நீ சரிமா சரிமா என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறாய், லெட்டரை அப்படி நடுவில் வைக்க முடியாது. அஞ்சாவது வரைக்கும் படித்தவள் கையெழுத்து, கோணலாக இருந்தாலும் முழுசாகப் படி.

அக்கா ஜோதிலட்சுமி வேளச்சேரிக்கே வந்து இருந்துவிடு என்கிறாள். மழை பெய்தால் அவள் வீட்டுக்குள் தண்ணீர் வரும், அவள் மாமியார் மழை பெய்யாமலே வருவாள், நான் போகவில்லை. பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வருகின்றன, வந்து ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. ஒருத்திக்கு என்ன சமைக்கிறது சொல், ஆழாக்கு அரிசி போட்டாலும் மிஞ்சுகிறது, தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் அதையே சாப்பிடுகிறேன். எதிர் வீட்டுக்காரர்கள் இருட்டுவதற்குள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், அப்புறம் பேச்சு என்று ஒன்று டிவியில் கேட்பதுதான். உன் அப்பா கிடாரைச் செருகி வாசித்த ஆம்ப் பெட்டி இருந்த மூலையில் இப்போது துணி மடித்து வைக்கிறேன், பிளக் பாயிண்ட் சும்மா கிடக்கிறது.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கிடார் வாங்கிவிட்டேன், சின்ன ஆம்ப் வாங்கிவிட்டேன், ஆனால் அப்பா வாசித்தால் வருகிற கரகரப்பு வரவில்லை, காலால் மிதிக்கிற அந்தப் பெடல் எந்தக் கம்பெனி, “நீ பாத்துகீறியா மா” என்று கேட்டாய். உன் ரூமில் இருக்கிறவன் ஒரு பெரிய கம்பெனி பேரைச் சொல்லி அதுதான் என்று அடித்துச் சொல்கிறானாம், விலையைப் பார்த்தாயாம், அதை வாங்கினால் பொங்கலுக்கு டிக்கெட் எடுக்க முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கடைசியில் மெதுவாகச் சொன்னாய். மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா.

அந்தப் பெடலின் பேரை நான் மட்டும் இல்லை, யாருமே பார்த்தது கிடையாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு உன் அப்பா அதன் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைப்பார், பழசைத் துடைக்க விடமாட்டார், “சாமிக்கு வெச்சத இன்னாத்துக்குடி தொடைக்கிற” என்று சத்தம் போடுவார். சந்தனத்தின் மேல் சந்தனம் ஏறி, கம்பெனி பேரும் மறைந்து, திருகுகிற மூன்று குமிழுக்குக் கீழே எழுதியிருந்ததும் மறைந்து, காதில் கேட்டே திருகி வைப்பார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைக் குட்டிச் சாமி என்று கும்பிட்டிருக்கிறாய், உனக்கு ஞாபகம் இருக்காது.

அது யாரிடம் போனது என்பது உனக்குத் தெரியும். உன் அப்பாவின் கருமாதி முடிவதற்கு முன்னாலேயே கச்சேரிக் குழு முருகையன் வந்து, என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து இரண்டு தோசையைத் தின்றுவிட்டு, குழு சாமான் அண்ணி என்று கிடாரோடு ஆம்பையும் அதோடு உன் அப்பா சொந்தமாக வாங்கிய பெடலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான், அந்தத் தாம்பாளத்தை நான் தொடவே இல்லை. அவன் இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி அவனை இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அதற்கும் நான் வருத்தப்படவில்லை. ஆனால் உன் டிக்கெட் போகிறதே, அதனால் சந்தனத்தைச் சுரண்டினால் பேர் தெரியும் என்று, அக்காவை விட்டு அவனுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, பஸ் மாறி மாறி அவன் வாசலில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தான், “இன்னா அண்ணி, இப்பதான் வழி தெரிஞ்சுதா” என்றான். வழி எப்பவும் தெரியும், நீ இருக்கிறதுதான் வழியில் இடைஞ்சலாகக் கீது என்றேன். சிரித்தான், பல் பாதி இல்லை.

பெடலை யாரும் மிதிக்கவில்லையாம், சாமி படத்துப் பக்கத்தில் வைத்து அவனும் வருஷா வருஷம் சந்தனம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். எடுத்துக்கொண்டு வா என்றான், அவன் பெண்டாட்டி பொன்மணி கொண்டுவந்தாள். கண்ணு, நான் என்னவென்று எழுதுவேன். அண்ணி வருகிறார்கள் என்று கேட்டதும் அந்த மகராசி கம்பி நாரைப் போட்டு, பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டு, வெறும் தகரம் பளபளக்கிற அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கிறாள். சந்தனம் போய், அதோடு பெயிண்ட் போய், பேரும் போய்விட்டது. “எப்டி கீது பாருங்க அண்ணி, புச்சு மாதிரி” என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் முகத்தைப் பார்த்தேன், பாவம், விரலெல்லாம் தேய்ந்து சிவந்திருந்தது. தோசை ஊற்றினாள். இரண்டு தின்றேன், பெடலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கும் எனக்கும் சரியாகப் போயிற்று.

மறுநாள் தி.நகரில் முதஸ்ஸிர் என்கிற தம்பியின் கிடார் கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனின்னு சொல்ல முடியாதுமா, உள்ள இருக்கிறது எல்லாத்துலயும் வர்ற சாமான்தான், இந்த மாதிரி இப்ப கம்மி விலையில நெறைய வருது என்றான். நான் நம்பவில்லை. அதனால் கம்மி விலையில் ஒன்றை எடுத்து அப்பாவுடையதன் பக்கத்தில் வைத்து, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை தமிழ்மாறா. பொய் சொல்ல மாட்டேன், தெரியவில்லை. அதைவிட, இரண்டிலுமே உன் அப்பா இல்லை. அந்தக் கடையில் திரும்பி நின்றபடி எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத வராது.

அப்புறம்தான் அவர் சுண்டுவிரல் ஞாபகத்துக்கு வந்தது. பெடலை ஒரு தரம் மிதித்துவிட்டால் கச்சேரி முடிகிறவரைக்கும் அணைக்க மாட்டார். கிடாரிலேயே சவுண்டு கூட்டுகிற குமிழ் இருக்கிறது அல்லவா, அதில் சுண்டுவிரலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, பாடுகிறவர் பாடும்போது குறைத்துவிடுவார், அப்போது கரகரப்பே இருக்காது, தன் முறை வந்ததும் கொஞ்சமாகத் திறப்பார், அழுது ஓய்ந்தவன் பேசுகிற தொண்டை மாதிரி வரும். அதைச் சொன்னதும் அந்தத் தம்பி செய்து பார்த்தான். கிட்டே வந்தது. “நீங்க வாசிப்பீங்களாமா” என்று கேட்டான், இல்லை, அதைக் கேட்டுக்கொண்டே சமைத்தவள் என்றேன்.

ஆகவே அந்தப் பெரிய கம்பெனி வேண்டாம். அப்பாவுடையதைத் தபாலில் போட எனக்கு மனசு வரவில்லை, அது இங்கேயே இருக்கட்டும். மூன்று குமிழ் உள்ளதாக, கம்மி விலையில் ஒன்றை வாங்கு, பழசாக இருந்தாலும் பரவாயில்லை, மிதித்தால் டப்பென்று சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான். கடையில் பெரிய ஆம்பில் போட்டுக் காட்டி மயக்குவான், உன் ரூமில் இருக்கிற மாதிரி சின்னதில் போடச் சொல்லிக் கேள். கரகரப்புக் குமிழைப் பாதிக்குக் கீழேயே வை, முழுசாகத் திறந்தால் சைலன்சர் போன ஆட்டோதான். அதற்கென்று உள்ள அடாப்டரையே கேட்டு வாங்கு, ரூமில் கிடக்கிற எதையாவது செருகினால் எரிந்துபோகும் என்று முதஸ்ஸிர் சொன்னான். ஆயுத பூஜைக்குப் பொட்டளவு சந்தனம் வை, போதும்.

பொங்கலுக்கு வா என்று நான் எழுத மாட்டேன். போன வருஷம் எழுதினேன், நீ வரவில்லை, உனக்காக ஊற வைத்த உளுந்தை அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், அதை நான் மறக்கவில்லை. ஆனால் நீ வாசித்ததை ரெக்கார்டு செய்து அனுப்பினாயே, அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, போனில் எல்லாச் சத்தமும் தகர டப்பா மாதிரித்தான் கேட்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்டால்தான் சரியா தப்பா என்று சொல்ல முடியும். முருகையனுக்குக் காது அடைத்துவிட்டது, கத்திப் பேச வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் தெரிந்த காது இப்போது இது ஒன்றுதான். நீ வாங்கப்போகிற பெடல் பையில் அடங்குகிற சாமான், கிடாரும் ஆம்பும் முதஸ்ஸிரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பிளக் பாயிண்டும் சும்மாதான் இருக்கிறது. முதல் தரமே சரி என்று சொல்லிவிட மாட்டேன், லீவை அதற்குத் தகுந்த மாதிரி கேட்டு வாங்கு.

கபாலீஸ்வரரும் கற்பகாம்பாளும் உன்னைக் குளிரில் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும். தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே.

உன் சத்தத்துக்குக் காத்திருக்கும் அம்மா,
க. தேவானை