சீட்டு வேண்டாம், துணியைக் கொடு

மார்ச் 3, திங்கள்

சிட்டு, நீ போய் ஐந்து மாதம். இன்றைக்குத்தான் உன் கம்ப்யூட்டரைத் துடைத்தேன்.

நம் தையல் கூடத்துக்கு, துணியில் வெட்டுக்கோடு போட நீ எழுதிக் கொடுத்த புரோகிராம் பருத்திக்கும் லினனுக்கும் மட்டும்தானே. இப்போது இழுபடுகிற பனியன் துணி வந்திருக்கிறது. அதில் கோடு போட உன் புரோகிராமுக்குத் தெரியவில்லை. உன் அத்தை சொல்லிவிட்டாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இதை அழிச்சிட்டுக் கடையில விக்கிறதைப் போட்டுடலாம் அண்ணி. எத்தனை நாளைக்குத்தான் இல்லாதவளோட—" நல்லவேளை, அதோடு நிறுத்தினாள்.

அழிப்பதா? என் பிணத்தைத் தாண்டித்தான்.

மார்ச் 4

அளவு எண்களை மாற்ற மட்டும் நீ சொல்லிக் கொடுத்திருந்தாய். எட்டாவது படித்தவளுக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நீ பருத்திக்கு எழுதிய ஸ்ட்ரக்டை, அதுதான் ஒரு துணியின் விவரமெல்லாம் சேர்த்துக் கட்டிய கட்டை, பார்த்துப் பார்த்து, பனியனுக்கும் ஒன்று எழுதினேன். எவ்வளவு இழுபடும் என்ற எண் அதற்குள். அப்புறம் கோடு போடுகிற வெட்டு ஸ்ட்ரக்டைக் கூப்பிடும் இடத்தில், அதன் பெயரை ஒட்டியே 'பனியன்' என்று எழுதினேன். மூட்டை மேல் சீட்டுக் குத்துகிற மாதிரி.

கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. அது முழுக்கப் படித்துச் சரி சொன்னால்தானே எதுவும் ஓடும். திரை முழுக்கச் சிவப்பு.

மார்ச் 5

சிவப்பு. பதினோரு தடவை. சனியன்!

மத்தியானம் ஒரு மூட்டையில் 'பருத்தி' என்று சீட்டு. கசக்கிப் பார்த்தேன், கலப்படம். திருப்பி அனுப்பினேன். அது ஒன்றுதான் இன்று உருப்படியாகச் செய்தது.

மார்ச் 6

வெட்கத்தை விட்டு உன் ஆபீஸ் தோழிக்கு, அந்தச் சோடாபுட்டிக்கு, போன் போட்டேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். சிரித்தாள், ஏளனமாக இல்லை.

"அம்மா, எந்த வகை வந்தாலும் ஏத்துக்கற அச்சுக்குப் பேர் டெம்ப்ளேட். அந்த வெட்டு ஸ்ட்ரக்ட் டெம்ப்ளேட் இல்ல. அதுக்குள்ள கன்ஸ்ட்ரக்டர்னு, அதை உருவாக்கற பகுதி ஒண்ணு இருக்கு, அது மட்டும்தான் டெம்ப்ளேட். அதுக்கு வகையை வெளியில ஒட்டிச் சொல்ல முடியாது. அடைப்புக்குறிக்குள்ள பனியனையே கொடுங்க. என்ன வந்திருக்குன்னு பார்த்து அதுவே வகையைப் புரிஞ்சுக்கும்."

"சீட்டு வேணாம், துணியைக் கையில குடுன்னு சொல்றியா?"

 "ஆமாம்மா. அவ எழுதினதுல மேல போய் அந்தக் கன்ஸ்ட்ரக்டரையும் ஒரு தடவை பாருங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

ஓடிச்சுடி! ஓடிச்சு! ஒட்டியதை எடுத்துவிட்டு, இழுபடும் எண்ணோடு பனியனை அடைப்புக்குறிக்குள் வைத்தேன். ஒரு சிவப்புகூட இல்லை. கைச்சுற்றளவுக் கோடு நான் வெட்டுகிற அதே வளைவில் வந்தது.

உன் அத்தை இஞ்ச் டேப்பால் இரண்டு தடவை அளந்து பார்த்தாள். "அடிப்பாவி அண்ணி! எட்டாங்கிளாஸ் இன்ஜினியரே!" என்று கட்டிக்கொண்டாள். யாரும் எதையும் அழிக்கப் போவதில்லை. ஒன்பது தையல் மெஷினையும் நிறுத்திவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள். அழவே இல்லை நான், சத்தியமாக.

எல்லாரும் சாப்பிடப் போனதும் அந்தக் கன்ஸ்ட்ரக்டரைத் தேடினேன். அதன் தலையில் நீ தமிழில் ஒரு வரி குறித்து வைத்திருக்கிறாய்:

'அம்மா சீட்டைப் படிக்க மாட்டாள், துணியைத் தொட்டுப் பார்ப்பாள். இதுவும் அப்படியே.'

காதில் அந்தப் பாட்டு வயரை மாட்டிக்கொண்டு எந்நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாயே — என் கையை எப்போதடி பார்த்தாய்?