புகார் இல்லாத சத்தம்

2024 ஜூன் 8, சனி

மகள் தனுஜா லீவில் வந்துவிட்டாள். தானா ராத்தா பஸ் நிலையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தேன். துணிப்பையைவிட இன்னொரு பை கனத்தது. பிரித்தால் உள்ளே மூன்று பழைய ரேடியோ! கோலாலம்பூரில் பழைய சாமான் கடையில் வாங்கினாளாம். காலேஜில் மூன்றாம் வருஷம் இசை படிக்கிற பெண், ஒரு வயலினாவது கொண்டுவருவாள் என்று அவள் அம்மா ருக்குமணி அலமாரிமேல் இடம் ஒழித்து வைத்திருந்தாள். இப்போது அங்கே ரேடியோ உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

படிப்பை முடிக்க அவளே ஒன்று உருவாக்கி மேடையில் வாசித்துக் காட்ட வேண்டுமாம். இந்த மாதம் 29ஆம் தேதி. அதை ரேடியோவில் செய்யப்போகிறாளாம்.

எந்தப் பாட்டும்மா என்று கேட்டேன். “பாட்டு இல்லப்பா. ஒரு ஸ்டேஷனுக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்கும் நடுவுல வரும்ல, அது” என்றாள்.

நடுவில் என்ன வரும்? ஒன்றும் வராது. அதைக் கேட்க ஆள் வருமா? அதற்கு மார்க்கும் போடுவார்களா? எனக்குத் தலை சுற்றுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

சாயங்காலம் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சீனம், கொஞ்சம் இந்தோனேசியா. பிறகு – கர்ர்… ர்ர். கர்ர்… ர்ர்.

அவள் கை நின்றுவிட்டது. “அப்பா, இந்தச் சத்தம் எங்கேருந்து வருது?”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது எங்கள் தேயிலை பேக்டரியில் கொழுந்தை உருட்டுகிற மூன்றாம் நம்பர் மிஷின். அதன் மோட்டாருக்குள் உரசுகிற கார்பன் துண்டு தேய்ந்து பொறி அடிக்கிறது. மோட்டாரில் பொறி பறந்தால் ரேடியோ கத்தும். பக்கத்து வீட்டுப் பழனியப்பன் எத்தனை தடவை சொல்லியிருப்பான்! “பார்க்கலாம்டா” என்றே வருஷத்தை ஓட்டிவிட்டேன். இப்போது பெற்ற மகளே கேட்டுவிட்டாள்.

ஜூன் 12, புதன்

என்னைப் போல கரண்ட் வேலை பார்க்கிற ஒயர்மேனிடம் ஒருவர் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் அது புகார்தான். இருபத்தேழு வருஷத்தில், “அண்ணே, ஃபேன் அழகா சத்தம் போடுது” என்று ஒருத்தரும் வந்து சொன்னதில்லை.

தனுஜா ரேடியோவைக் கைப்பேசியில் ஒரு நிமிஷம் பதிந்து பார்த்தாள். சரியில்லையாம். கூடப் படிக்கிற புவனேஸ் 19ஆம் தேதி நல்ல ரெக்கார்டர் கொண்டுவருகிறானாம். அதற்குள் இந்தக் கர்ர்-ஐ ஒழித்துவிட வேண்டும். பிள்ளை பதிவு செய்யும்போது சுத்தமாக இருக்க வேண்டாமா?

ஜூன் 17, திங்கள்

ஹரிராயா ஹாஜி பெருநாள். பேக்டரிக்கு விடுமுறை. மேனேஜரிடம் கேட்டுத் திறந்து, காலையிலிருந்து நான் ஒருவனே வேலை பார்த்தேன். புதுக் கார்பன் போட்டேன். உள்ளே இருந்த கரியைச் சுரண்டித் தேய்த்தேன். மூன்று மணிக்கு மிஷினை ஓட்டிவிட்டு, கொண்டுபோயிருந்த ரேடியோவைத் திருகினேன். ஒன்றுமில்லை. பால் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழனியப்பன், “இன்னிக்குத்தாண்ணே காது தெறந்துச்சு” என்றான். தனுஜாவிடம் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும்.

ஜூன் 19, புதன்

தனுஜா அழுதுவிட்டாள்.

புவனேஸ் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். இவள் மூன்று ரேடியோவையும் மாற்றி மாற்றித் திருகினாள். “இங்கதான் இருந்துச்சு, இங்கதான் இருந்துச்சு.” நான் சிரித்துக்கொண்டே, இனிமே வராதும்மா, அப்பா சரி பண்ணிட்டேன் என்றேன்.

அவள் பார்த்த பார்வை!

அவளுக்கு வேண்டியதே அந்தச் சத்தமாம். அதை வைத்துத்தான் எல்லாம் யோசித்திருந்தாளாம். எனக்கென்ன தெரியும்? கெட்டுப்போன சத்தத்த ஒருத்தி ஆசையா கேப்பான்னு நான் கண்டேனா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஜூன் 20, வியாழன்

தனுஜா மூன்று ரேடியோவையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். புவனேஸ் காலை பஸ்ஸில் போய்விட்டான். ருக்குமணி கொழுந்தெடுக்கப் போகும்போது, “இத்தன வருஷமா செய்யாதத இப்பத்தான் செய்யணுமா? பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல” என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

பழைய கார்பனை மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தேன். வேலை தொடங்குமுன் மோட்டார் மூடியைக் கழற்றினேன். திரும்ப அதையே மாட்டிவிட்டால்? பத்து நாள்தானே. யாருக்குத் தெரியும்?

ஆனால் சுற்றிலும் தேயிலைத் தூசி. பொறி அடிப்பது தெரிந்தே மாட்டுவதா? ஒன்று கிடக்க ஒன்று ஆனால் உள்ளே வேலை செய்கிற பதினாறு பேரின் கதி? மூடிவிட்டேன்.

சாயங்காலம் அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். பதறிப்போனாள். “ஐயோ, மாட்டிராதீங்கப்பா! பரீட்ச போனா போவுது லா.” பிறகு, “ஏம்ப்பா எங்கிட்ட கேக்காம செஞ்சீங்க?”

“நீ புகார் சொல்றேன்னு நெனச்சேன்மா.”

“புகாரா!” சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். “அது தாளம்ப்பா. ஒங்க பேக்டரி தாளம். வேற யாருக்கும் கெடைக்காது.”

தாளமா? இருபத்தேழு வருஷம் தாளத்துக்கு நடுவிலா நின்றுகொண்டிருந்தேன்?

ஜூன் 23, ஞாயிறு

பழைய கார்பனை அராவிச் சின்னதாக்கி, உடைந்துகிடந்த கை கிரைண்டரில் பொருத்தினேன். பொறி நன்றாக அடித்தது. பக்கத்தில் ரேடியோவை வைத்தேன். ங்ஙொய்ய் என்று ஒரே இழுப்பு.

“கொசு மாதிரி இருக்குப்பா” என்றாள்.

சரிதான். மூன்றாம் நம்பர் இப்படி ஓடாது. கொழுந்து ஒரு பக்கம் ஒதுங்கும்போது திணறும், தாண்டியதும் மூச்சுவிடும். ஒரு கட்டையை எடுத்துச் சுழல்கிற தண்டில் அழுத்தினேன், விட்டேன். அழுத்தினேன், விட்டேன். எண்ணவே வேண்டியிருக்கவில்லை, கைக்கே தெரிந்திருந்தது.

கர்ர்… ர்ர். கர்ர்… ர்ர்.

தனுஜா வாயைப் பொத்திக்கொண்டாள். “நீங்களும் மேடைக்கு வரணும்ப்பா.”

எனக்குப் பைத்தியமா, இவளுக்கா?

ஜூன் 30, ஞாயிறு

நேற்று கோலாலம்பூர். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கிரைண்டரை மடியில் வைத்தபடி மேடையில் ஒன்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அவள் மூன்று ரேடியோவையும் திருகத் திருக, யார் யாரோ பேசினார்கள், விசில் அடித்தது, மழை மாதிரி இரைந்தது. நடுவில் என் கர்ர். புரிந்ததா? இல்லை. பொய் சொல்வானேன். ஆனால் ஓரிடத்தில் அவள் இரண்டு ரேடியோவை அணைத்து, மூன்றாவதில் என் கர்ர் மட்டும் கேட்கும்படி வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் மட்டும் தனியாக. அழுத்தினேன், விட்டேன்.

கைதட்டினார்கள். மார்க் போடும் அம்மா ஒருவர் என்னருகே வந்து, “எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?” என்று கேட்டார்.

“இருபத்தேழு” என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

பழனியப்பன் வந்தான். புது லைட் போட்டதிலிருந்து ரேடியோ கொய்ங் என்கிறதாம்.

“விட்டு விட்டா, ஒரே இழுப்பா?” என்று கேட்டேன்.

“விட்டு விட்டுத்தாண்ணே. சமையல்கட்டு லைட்டையும் போட்டா இன்னும் மோசம்.”

இந்தப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். கொய்ங், விட்டு விட்டு. இரண்டு லைட்.

“எப்ப வந்து சரி பண்றீங்க?”

“சனிக்கெழம தனுஜா வர்றா” என்றேன். “அதுவரைக்கும் அதுல கைய வச்சிராதே.”

பழனியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான்.